நலமாயிருந்தவரைக் காப்பாற்றிய குற்றம்

கஹாபா மேட்டு மகா கார்ப்பந்தய ஓடுபாதையில் ஒரு மனிதர் நலமாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள அவரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. அவருடைய காரின் ஜன்னலைப் பார்த்தால் போதும். பந்தயக் காரில் ஓட்டுநர் பக்கத்து ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. பட்டை பட்டையாகப் பின்னிய ஒரு கறுப்பு வலை மாட்டியிருக்கும். மோதி நின்ற காரிலிருந்து ஓட்டுநர் அந்த வலையைக் கழற்றிக் கீழே விட்டால், 'நான் நலம், அவசரம் இல்லை' என்று பொருள். வலை மேலேயே இருந்தால் 'ஓடி வாருங்கள்' என்று பொருள். ஓட்டுகிறவர்களும் அவர்களை மீட்கிறவர்களும் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட பழைய வழக்கம் இது. நல்ல வழக்கம்தான். தேசிய ஸ்டாக் கார் பந்தய ஆணையம் அதைக் கவனித்து, விதி பத்து, பிரிவு நான்கு, உட்பிரிவு 'இ' என்று பெயர் வைக்கும்வரை அதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

ஹோய்ட் மேக்ரே அந்த ஓடுபாதையின் மூன்றாம் வளைவில் பத்தொன்பது வருடமாக மீட்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மற்ற நாட்களில் ஊருக்குள் பள்ளத்தில் இறங்கிய கார்களையும், சேற்றில் மாட்டிய டிராக்டர்களையும் இழுத்துப் போடுவதுதான் அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்டிஸ்ட் சபையில் டீக்கன், அதாவது போதகருக்கு உதவியாகச் சபைக் காரியங்களைப் பார்க்கிறவர். வருடத்தில் இரண்டு ஞாயிறு மட்டும், ஏப்ரலில் ஒன்றும் அக்டோபரில் ஒன்றும், சபைக்கு வராமல் வளைவுக்கு வந்துவிடுவார். அதற்கு ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது அவர் நம்பிக்கை. ஆண்டவரும் ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடச் சொன்னவர்தானே.

அந்த ஏப்ரல் ஞாயிறன்று ஹோய்ட்டின் கழுத்தில் ஐந்து அட்டைகள் தொங்கின. ஒன்று உள்ளே வருவதற்கு. ஒன்று வெளியே போவதற்கு. ஒன்று லாரிக்கு. ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு. ஐந்தாவது, மற்ற நான்கையும் கழுத்தில் மாட்டிக்கொள்வதற்கான அனுமதி.

"அந்த அஞ்சாவதை மாட்ட ஒரு ஆறாவது வேணாமா?" என்று கேட்டாள் ஆர்லீன் பக்னர். அவள் மாவட்டத் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறவள். ஹோய்ட்டின் லாரியில் பக்கத்து இருக்கை அவளுடையது. அறுபதை நெருங்கும் ஹோய்ட்டை அவள் 'பெருசு' என்றுதான் கூப்பிடுவாள்.

"சும்மா இரு. அவங்க காதுல விழுந்தா அதையும் அச்சடிச்சுக் குடுத்துருவாங்க."

காலையில் ஆணையத்தின் சோதகர்கள் வந்து மீட்பு லாரியை அளந்தார்கள். பந்தயக் கார்களை அளக்கிற அதே ஒளிக்கதிர்க் கருவியால் அளந்தார்கள். லாரியின் மூக்கு கால் அங்குலம் உயரமாக இருப்பதாகவும், அதனால் காற்றில் அதற்கு நியாயமற்ற சாதகம் கிடைக்கக்கூடும் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

"இது யாரையும் முந்தப் போறதில்லீங்களே ஐயா," என்றார் ஹோய்ட்.

"அதை முடிவு பண்ண வேண்டியது ஆணையம்," என்றார் சோதகர்.

பிறகு ஜெபம். ஆணையம் ஜெபத்துக்கு நாற்பது வினாடி ஒதுக்கியிருந்தது. அதில் பன்னிரண்டு வினாடி பந்தயத்துக்குப் பணம் தருகிற தொத்திறைச்சிக் கம்பெனிக்கு, ஒன்பது வினாடி டயர் கம்பெனிக்கு. மிச்சத்தில் போதகர் நாட்டையும் படைவீரர்களையும் ஓட்டுநர்களையும் ஆசீர்வதித்து, பரலோகத்தை எட்டும்போது மணி அடித்துவிட்டது. ஹோய்ட் தொப்பியை நெஞ்சில் வைத்தபடி, பாக்கியைத் தானாகவே முடித்தார். பத்தொன்பது வருடமாக அவர் ஜெபம் ஒன்றுதான்: 'ஆண்டவரே, இன்னைக்கு எங்களைச் சும்மா உட்கார வையும்.'

நூற்றறுபத்தேழு சுற்று வரைக்கும் ஆண்டவர் அவர்களைச் சும்மா உட்கார வைத்தார்.

இந்த மாதிரி நீண்ட, சரிந்த பாதையில் தனியாக ஓடுகிற காருக்கு வேகம் வராது. ஒன்றின் வாலில் ஒன்று ஒட்டிக்கொண்டு, முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிறவன் அவனை முட்டித் தள்ள, நாற்பது காரும் ஒரே கூட்டமாக மணிக்கு நூற்றுத் தொண்ணூறு மைலில் பறக்கும். அதனால் ஒருவன் தடுமாறினால் இருபது பேர் தடுமாறுவார்கள். நூற்றறுபத்தெட்டாம் சுற்றில் அப்படித்தான் ஆனது. பத்தொன்பது கார்கள் ஒன்றோடொன்று மோதிச் சிதறின. அறுபத்தொன்றாம் எண் கார் சுவரில் தலைகுத்தி, சரிவில் உருண்டு, ஹோய்ட்டின் லாரிக்கு இருநூறு அடி தள்ளி, புல்லில் நான்கு சக்கரமும் தரையில் பட வந்து நின்றது. அதை ஓட்டியவன் கோல்பி ஸ்ட்ரிக்லண்ட் என்கிற இளம் ஓட்டுநர். சொந்தக் கொட்டகையில் அப்பாவும் அண்ணன்களும் கட்டிக் கொடுத்த காரில் வருகிறவன்.

பார்வையாளர் மாடியின் உச்சியில், கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரியின் குரல் ரேடியோவில் வந்தது.

"மூணாம் வளைவு, அறுபத்தொண்ணோட வலை கீழ இருக்கு. ஓட்டுநர் நலம். அங்கேயே நில்லுங்க."

ஹோய்ட் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஓட்டுநர் கையால் இறக்கிவிட்ட வலை, அடிப்பக்கம் பிடித்திருக்க, கதவோடு ஒட்டித் தொங்கும். இது ஒரு மூலையில் மட்டும் மாட்டிக்கொண்டு, பிய்ந்த சட்டைப்பை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயா, அது இறக்கின வலை இல்லீங்க. கிழிஞ்சு தொங்குது."

"கீழ இருக்கா, மேல இருக்கா?"

"ரெண்டும் இல்லீங்க."

"அப்படி ஒரு கட்டம் படிவத்துல இல்லை. கீழன்னு குறிச்சாச்சு."

"பெருசு," என்றாள் ஆர்லீன், தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே. "புகை கறுப்பா வருது."

"ஐயா, கார்லேர்ந்து கரும்புகை வருது. நாங்க போறோம்."

"நில்லுங்க! டிவியில விளம்பரம் ஓடுது. இன்னும் ஐம்பது வினாடி. நீங்க கிளம்பறதை நேயர்கள் பார்க்கணும். ஓட்டுநர்தான் நலமா இருக்காரே, என்ன அவசரம்?"

ஹோய்ட் லாரியைக் கிளப்பினார். அப்போது அவர் மனதில் பெரிய எண்ணம் எதுவும் ஓடவில்லை. ஊரில் பள்ளத்தில் கிடக்கிற காருக்குப் பக்கத்தில் போனால் முதல் வேலையாக என்ன செய்வாரோ, அதைச் செய்யப் போனார்: குனிந்து, உள்ளே பார்த்து, "நல்லாயிருக்கியாப்பா?" என்று கேட்டார்.

பதில் வரவில்லை. கோல்பியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எஞ்சின் பக்கமிருந்து தீ அவன் காலைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. ஆர்லீன் தீயை அடித்தாள். ஹோய்ட் பட்டைகளை அறுத்து, அவனை இரண்டு கக்கத்திலும் பிடித்து, ஜன்னல் வழியாக வெளியே இழுத்துப் புல்லில் கிடத்தினார். இதெல்லாம் முடிய நாற்பத்திரண்டு வினாடி. விளம்பரம் முடிய இன்னும் எட்டு வினாடி இருந்தது.

ஓடுபாதை மருத்துவமனைக்கு இரண்டு வாசல். நடந்து வருகிறவர்களுக்கு ஒன்று, தூக்கி வருகிறவர்களுக்கு ஒன்று. ஸ்ட்ரெச்சரோடு போனபோது, இரண்டாம் வாசலில் இருந்த அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அறுபத்தொண்ணா? நலம்னு வந்திருக்கு. நலமா இருக்கிறவங்க ஒண்ணாம் வாசல் வழியா நடந்து வரணும்."

"அவனுக்கு நினைவே இல்லைய்யா," என்றார் ஹோய்ட்.

"அதை ஒண்ணாம் வாசல்ல வந்து சொல்லச் சொல்லுங்க."

ஆர்லீன் அலுவலரைத் தோளால் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு ஸ்ட்ரெச்சரை உள்ளே உருட்டினாள். கோல்பிக்கு அன்று ராத்திரி நினைவு திரும்பியது. விலா எலும்பு இரண்டும் மணிக்கட்டு ஒன்றும் முறிந்திருந்தன. உயிருக்கு ஒன்றுமில்லை. ஹோய்ட் மண்டியிட்டு ஆண்டவருக்கு நன்றி சொல்லி எழுந்து, சமாதானமாகத் தூங்கினார்.

பத்து நாளில் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. 'நலமாயிருந்த ஓட்டுநர் ஒருவரை அனுமதியின்றி மீட்டது' என்பது குற்றச்சாட்டு. கூடவே, மூக்கு கால் அங்குலம் உயரமாயிருந்த லாரிக்குத் தனியாக ஒரு கடிதம், லாரியின் பெயருக்கே, 'மதிப்பிற்குரிய லாரி அவர்களுக்கு' என்று ஆரம்பித்து.

விசாரணை ஓடுபாதையின் மேல்மாடியில் நடந்தது. நீளமான மேஜை. மேஜை நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள், நீல மெத்தைத் துணியின் மேல், அந்தக் கிழிந்த வலை. தலைமை நாற்காலியில் ஆணையத் தலைவர் தாடியஸ் கார்மைக்கேல். அவர் வாழ்நாளில் பந்தயக் காரில் ஏறியதில்லை. அதனால்தான் தமக்குப் பாரபட்சம் கிடையாது என்று சொல்லிக்கொள்வார்.

நிபுணர் ஒருவர் எழுந்து அறிக்கை வாசித்தார். "வலையோட மொத்தப் பரப்புல எழுபத்தெட்டு சதவீதம் ஜன்னலோட மேல் விளிம்புக்குக் கீழ இருந்திருக்கு. ஆகவே ஓட்டுநர் எழுபத்தெட்டு சதவீதம் நலம். அறுபதுக்கு மேல இருந்தாலே அதை முழு நலம்னு எடுத்துக்கறது வழக்கம்."

கோல்பி கையில் கட்டுப் போட்டபடி சாட்சி சொல்ல வந்திருந்தான். தென்மாநிலத்துப் பிள்ளைகளின் மரியாதைப்படி பெரியவர்களை 'மிஸ்டர்' போட்டு முதல் பெயர் சொல்லித்தான் அழைப்பான்.

"ஐயா, மிஸ்டர் ஹோய்ட் வரலைன்னா நான் இன்னைக்கு இங்க நிக்க மாட்டேன். நான் நலமா இல்லை. மயங்கிக் கிடந்தேன்."

தலைவர் அன்போடு சிரித்தார். "தம்பி, மயங்கிக் கிடந்தீங்க. சரி. அந்த நேரத்துல நடந்தது உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"இல்லீங்க."

"ஞாபகமே இல்லாத ஒரு நேரத்துல, நீங்க நலமா இல்லைன்னு எப்படி சாட்சி சொல்றீங்க?"

கோல்பி கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். எழுத்தர் 'சாட்சி மறுக்கவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

பின்பு தலைவர் எழுந்து பேசினார்.

"பாதுகாப்புதான் எங்களோட முதல் கொள்கை. அதுக்காக நாங்க எவ்வளவு பாடுபட்டிருக்கோம்னா, இன்னைக்கு எங்க அனுமதி இல்லாம ஒருத்தருக்கு ஆபத்தே வர முடியாது. ஒரு ஓட்டுநர் ஆபத்துல இருக்கறதை முடிவு பண்ண எழுபது பேர் இருக்காங்க. பதினொரு திரை இருக்கு. இத்தனை பேர் நலம்னு சொல்லும்போது, ஒரு இழுவை லாரிக்காரர் பக்கத்துல போய்க் குனிஞ்சு பார்க்கறார். அவர் என்ன சொல்ல வர்றார்? எங்களைவிட அவருக்குக் கிட்டத்துல தெரியும்னா? நண்பர்களே, கிட்டத்துல போனா கண்ணு மறைக்கும். தூரத்துலேர்ந்து பார்க்கறவங்களுக்குத்தான் முழுப் படமும் தெரியும். இப்படி ஒவ்வொருத்தரும் போய் நல்லாயிருக்கியான்னு கேட்க ஆரம்பிச்சா, பதில் சொல்றவங்க இஷ்டத்துக்குப் பதில் சொல்வாங்க. அப்புறம் விதி எதுக்கு?"

பலத்த கைதட்டல். கைதட்டுவதற்கென்று இரண்டு பேர் நியமிக்கப்பட்டிருந்தார்கள்.

தலைவர் ஒரு தாளை ஹோய்ட்டின் பக்கம் நகர்த்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மிஸ்டர் மேக்ரே, நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்லை. இதுல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். லாரியைப் பூட்டி முத்திரை வைக்காம விட்டுருவோம். அக்டோபர் பந்தயத்துல உங்களுக்கு 'ஆண்டின் பாதுகாப்பு நாயகன்' விருது. தொத்திறைச்சிக் கம்பெனி ஒரு ஜாக்கெட் தருது."

ஹோய்ட் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். 'ஓட்டுநர் நலமாகவே இருந்தார். நான் தவறுதலாக உதவி செய்துவிட்டேன். இனி உத்தரவின்றி உதவ மாட்டேன்' என்றிருந்தது. கீழே சின்ன எழுத்தில், இந்த வாக்குமூலம் நாட்டிலுள்ள எல்லா ஓடுபாதைகளின் மீட்புப் பணியாளர்களுக்கும் பாடமாக வைக்கப்படும் என்றும் இருந்தது.

"இதை எல்லாருக்கும் பாடமா வைப்பீங்களா ஐயா?"

"ஆமா! உங்க பேரோட. பெருமைதானே?"

ஹோய்ட் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வளைவை விட்டுப் போவது அவருக்கு வலிக்கும். லாரி போனால் ஊரில் தொழிலும் போகும். அதெல்லாம் நிஜம். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிந்தது வேறு: எங்கேயோ ஒரு ஓடுபாதையில், கிழிந்த வலை ஆடிக்கொண்டிருக்க, புகை வந்துகொண்டிருக்க, தன்னைப் போல ஒருவர் லாரியில் சாவியைத் தொட்டபடி, ஹோய்ட் மேக்ரேயின் கையெழுத்தை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

"பேனா குடுங்க," என்றார்.

தலைவர் தம் தங்கப் பேனாவையே கொடுத்தார். ஹோய்ட் கையெழுத்துக்கான கோட்டின் மேல் இரண்டே சொல் எழுதினார்: 'மறுபடியும் போவேன்.' அதன் கீழே கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, "நன்றிங்க ஐயா" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தத் தாளை 'வருத்தம் தெரிவித்தவர்கள்' கோப்பில் வைப்பதா, 'தெரிவிக்காதவர்கள்' கோப்பில் வைப்பதா என்று ஆணையம் மூன்று மணி நேரம் விவாதித்தது. கையெழுத்து இருக்கிறதே. கடைசியில் புதிதாக ஒரு கோப்பு திறந்து, அதில் அவரை மட்டும் வைத்து, காலவரையின்றித் தடை செய்தார்கள். லாரியையும் பூட்டி முத்திரை வைத்தார்கள். அந்தக் கோடை முழுவதும் ஹோய்ட், மச்சானின் பழைய லாரியை இரவல் வாங்கித் தொழில் செய்தார். அது மேட்டில் ஏறாது. மேட்டில் மாட்டிய கார்க்காரர்களிடம், "கொஞ்சம் கீழ உருட்டிக்கிட்டு வாங்க" என்று கேட்டுக்கொள்வார்.

அக்டோபர் வந்தது. ஓடுபாதைக்கு நடுவிலுள்ள உள்மைதானத்தில் கூடாரங்களும் வண்டி வீடுகளும் நிறைந்தன. பாப்டிஸ்ட் சபையார் எப்போதும்போல் ஒரு மேஜை போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவித்த வேர்க்கடலையும் இனிப்புத் தேநீரும் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹோய்ட் அந்த மேஜைக்குப் பின்னால் நின்றார். மீட்பு லாரி எதற்கும் ஐந்நூறு அடிக்குள் அவர் போகாமல் பார்த்துக்கொள்ள ஆணையம் ஒரு காவலரை நியமித்திருந்தது. காவலர் பத்து நிமிஷம் விறைப்பாக நின்றார். பிறகு ஹோய்ட் கொடுத்த கடலையை உரிக்க ஆரம்பித்தார். அரைமணியில் அவரே தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

காலையில் நடக்கும் ஓட்டுநர் கூட்டத்தை ஒலிபெருக்கியில் போட்டார்கள். தலைவர் புது விதியை வாசித்தார்: வலை கீழே இருந்தால் ஓட்டுநர் நலம், இதில் மேல்முறையீடு கிடையாது.

"ஐயா, ஒரு சந்தேகம்." கோல்பியின் குரல். "வலை கீழ இருந்தா நான் நலம். அதை நானே நினைச்சாலும் மாத்த முடியாது?"

"முடியாது தம்பி."

"வண்டி?"

"வலை கீழ இருந்தா வண்டி நிறுத்தப்பட்டதா அர்த்தம். ஓட்டுநர் நலம், வண்டி ஓய்வு."

"யாரும் வந்து என்னை எதுவும் கேட்கக் கூடாது?"

"கேட்கவே கூடாது. அதுதான் பாதுகாப்பு."

"ரொம்ப நன்றிங்க ஐயா. தெளிவாயிருச்சு."

மேஜையில் கடலை அள்ளிக்கொண்டிருந்த ஹோய்ட்டின் கை ஒரு நொடி நின்றது. பிறகு அள்ளினார்.

மதியம் ஒரு மணி. தேசிய கீதம், விமானங்கள், நாற்பது வினாடி ஜெபம் எல்லாம் முடிந்தன. பெரிய தொத்திறைச்சி வேடம் போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்து, எஞ்சின்களைக் கிளப்பச் சொன்னார். நாற்பது காரும் பாதையில் வரிசையாக நின்றன. வழக்கமாக இந்த நேரத்தில் ஒவ்வொரு காரிலும் ஒரு மெக்கானிக் குனிந்து ஜன்னல் வலையை மாட்டிவிட்டு ஓடுவார்.

அறுபத்தொன்றாம் எண் காரில் வலை கீழேயே கிடந்தது. அதற்குப் பின்னால் நின்ற காரின் ஓட்டுநர், மாட்டின வலையைத் தானே கழற்றி இறக்கினார். அதற்குப் பின்னால் இன்னொருவர். இந்தப் பாதையில் தனியாகப் போனால் வேகம் வராது என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு நிமிஷத்தில் நாற்பது வலையும் கதவோடு ஒட்டித் தொங்கின.

எஞ்சின் ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

ஒலிபெருக்கியில் ஒரு பெருமூச்சு கேட்டது. அப்புறம் தலைவரின் குரல்: "ரசிகப் பெருமக்களே, கவலைப்பட வேண்டாம். எல்லா ஓட்டுநர்களும் நலம்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும்: "எல்லாரும் நலமாகவே இருக்கிறார்கள்." ஒரு லட்சம் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கால்மணி கழித்து, "எல்லாரும் மிக மிக நலம்" என்றது குரல், அழாத குறையாக. டிவியில் தொத்திறைச்சி விளம்பரம் பதினோராம் தடவையாக ஓடிக்கொண்டிருந்தது. சோதகர்கள் கார்களுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். ஆனால் எதுவும் கேட்கக் கூடாதென்று விதி இருந்ததால், வானத்தைப் பார்த்தார்கள்.

ஒரு மணி நேரமானதும், சின்ன மின்வண்டி ஒன்று உள்மைதானத்துக்குள் குலுங்கிக்கொண்டு வந்து கடலை மேஜைக்கு முன்னால் நின்றது. தலைவர் இறங்கினார். டை அவிழ்ந்திருந்தது.

"மேக்ரே! இது உங்க வேலைதானே?"

"நான் காலையிலேர்ந்து கடலைதாங்க அவிக்கிறேன்."

"ஆமாங்க, நான் கூடவே நிக்கிறேன்," என்றார் காவலர், வாயில் கடலையோடு.

தலைவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஹோய்ட் அதைப் பார்த்தார். "காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா ஐயா?"

யாரோ தம்மை ஒரு கேள்வி கேட்டுவிட்ட மாதிரி தலைவர் திகைத்தார். யோசித்தார். "இல்லை," என்றார்.

ஹோய்ட் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டு, ஒரு காகிதக் குவளையில் சூடான கடலையும் இன்னொன்றில் தேநீரும் கொடுத்தார். தலைவர் உட்கார்ந்து, உப்புத் தண்ணீர் மணிக்கட்டில் வழிய, கடலை உரித்துத் தின்றார். பாதிக் குவளை காலியான பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நீங்க போய் அந்தப் பசங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு வாங்களேன்."

"எனக்குத் தடை இருக்குங்களே. நீங்களே போய்க் கேட்கலாம்."

"விதி..."

"கேட்கறதுக்குக் கழுத்துல அட்டை வேணாங்க ஐயா. நீங்க கேட்ட மாதிரி நான் எழுதிக் குடுக்காததும் அதுக்குத்தான். இன்னைக்குத் தாளை நீட்டினாலும் அதைத்தான் எழுதுவேன்."

தலைவர் எழுந்தார். மின்வண்டியை மறந்துவிட்டு நடந்தார். வேலியைத் தாண்டி, பாதையில் ஏறி, அறுபத்தொன்றாம் எண் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பெரிய திரையில் ஒரு லட்சம் பேர் அவரைப் பார்த்தார்கள். ஆணையத்தின் சரித்திரத்தில் முதன்முறையாக ஒரு தலைவர் குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தார்.

"தம்பி," என்றார், சட்டைக் கையில் ஒட்டியிருந்த கடலைத்தோலைத் தட்டியபடி. "நல்லாயிருக்கியா?"

"இல்லீங்க ஐயா," என்றான் கோல்பி.

"என்னப்பா?"

"மூணாம் வளைவுல மிஸ்டர் ஹோய்ட் இல்லை."

அடுத்த காரிலும் கேட்டார். அதே பதில். நாலாவது காருக்கு அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஆணையத்தின் அவசரக் கூட்டம் பாதை ஓரத்தில் நின்றபடியே நடந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: 'ஆணையம் இதுவரை சரியாகவே இருந்தது. இனி வேறு விதமாகச் சரியாக இருக்கும். உட்பிரிவு 'இ' ஓய்வு பெறுகிறது. திரு. மேக்ரே எக்காலத்திலும் தடை செய்யப்படவில்லை. அவர் ஆறு மாதம் வேர்க்கடலைப் பணியில் இருந்தார்.' அந்தத் தீர்மானத்தோடு ஹோய்ட்டுக்கு ஆறாவதாக ஒரு அட்டையும் கொடுத்தார்கள். அதில் எதற்கு அனுமதி என்று யாருக்கும் எழுத நேரமில்லை.

லாரியின் முத்திரையை உடைத்துக் கொண்டுவந்தது கடலை தின்ற காவலர். ஆர்லீன் பக்கத்து இருக்கையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பெருசு, வர்ற வழியில ஏதாவது மேட்டுல மாட்டிக்கிட்டியா?"

"பேசாம பெல்ட்டைப் போடு."

நாற்பது வலையும் மேலே ஏறின. நாற்பது எஞ்சினும் கிளம்பின.

ஐம்பத்திரண்டாம் சுற்றில், மூன்றாம் வளைவுக்கு நேர்முன்னால், ஒரே ஒரு கார் டயர் வெடித்துச் சுவரில் உரசி, சுற்றிச் சுழன்று புல்லில் வந்து நின்றது. புகை இல்லை, தீ இல்லை. வலை ஒழுங்காகக் கழன்று, கதவோடு ஒட்டித் தொங்கியது. புத்தகத்தில் படம் போடலாம் போல இருந்தது.

"மூணாம் வளைவு," என்றது ரேடியோ. "வலை கீழ இருக்கு. இந்தத் தடவை சந்தேகமே இல்லை. ஓட்டுநர் நலம். நான் சொல்ற வரைக்கும்..."

லாரி அதற்குள் பாதித் தூரம் போயிருந்தது.

ஹோய்ட் இறங்கிக் குனிந்து பார்த்தார். முதல் வருடம் ஓட்டுகிற ஒரு பெண். தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"நான்தான் வலையை இறக்கினேனே, தெரியலையா? நல்லாத்தான் இருக்கேன். எதுக்கு ஓடி வர்றீங்க?"

"தெரிஞ்சுதும்மா," என்றார் ஹோய்ட். "இருந்தாலும் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம். நல்லாயிருக்கியா?"

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தாள்.

"கை மட்டும் கொஞ்சம் நடுங்குது," என்றாள்.

"நடுங்கட்டும். அதுக்கு ஒண்ணும் அவசரம் இல்லை," என்றாள் ஆர்லீன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிவிட்டு, கார்க் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

ரேடியோ விடாமல் கூப்பிட்டது. "மூணாம் வளைவு! யார் உத்தரவுல போனீங்க? வலை கீழ இருக்கா இல்லையா?"

ஹோய்ட் பொத்தானை அழுத்தினார்.

"வலை கீழதாங்க இருக்கு. ஆனா கை நடுங்குதாம். படிவத்துல அதுக்கு ஒரு கட்டம் இல்லைன்னா, புதுசா ஒண்ணு போட்டுக்குங்க."